டூத் பிரஷ்ஷைப் பிடித்து இசை நடத்தியவர்

போன வாரம் கொயர் (சர்ச் பாடகர் குழு) ஒத்திகையில் இசையமைப்பாளர் எத்தல் ஸ்மைத் பெயரைச் சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. மதுரையில் பல வருஷமாகப் பியானோ சொல்லிக்கொடுப்பவள், ஞாயிறுதோறும் கொயர் நடத்துபவள் என்ற முறையில், கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு கேள்விகளைப் போட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருமங்கலம்: யார் டீச்சர் இவர்?

1858இல் பிறந்த ஆங்கிலேயர். அப்பா ராணுவ அதிகாரி. ஜெர்மனிக்குப் போய் இசை படிக்கிறேன் என்றதற்கு அவர் மறுக்க, மகள் அடம்பிடித்து 1877இல் லைப்சிக் போய்ச் சேர்ந்தார். ஆறு ஓபரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம், எழுதினார், தன் இசையைத் தானே மேடையில் நடத்தவும் செய்தார்.

மேலூர்: முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்தும் கண்டக்டர் எதற்கு? நம் கச்சேரியில் அப்படி யாரும் நிற்பதில்லையே!

நம் மேடையில் நாலைந்து பேர்தான். பாடுபவர் தொடையில் போடுகிற தாளம் மிருதங்கக்காரர் கண்ணில் பட்டால் போதும். எண்பது பேர் ஆர்க்கெஸ்ட்ராவில் அது நடக்காது. எங்கள் கொயரில் இருபது பேர்தான், அதிலேயே நான் கையால் முடித்துக் காட்டாவிட்டால் ‘ஆமென்’ நாலு தடவை முடியும்.

சிம்மக்கல்: டூத் பிரஷ் கதை நிஜமா டீச்சர்?

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட போராட்டத்தில் 1912இல் அமைச்சர் ஒருவர் வீட்டு ஜன்னலை உடைத்தார். லண்டன் ஹாலோவே சிறையில் இரண்டு மாதத் தண்டனை. முற்றத்தில் கைதிப் பெண்கள் அவர் மெட்டமைத்த ‘பெண்களின் அணிவகுப்பு’ பாட்டைப் பாடியபடி நடக்க, மேலே ஜன்னல் வழியாக டூத் பிரஷ்ஷை ஆட்டித் தாளம் காட்டினாராம். பார்க்கப் போன கண்டக்டர் தாமஸ் பீச்சம் சொன்னது இது. பீச்சம் கதைக்குக் கொஞ்சம் மசாலா சேர்க்கிற ஆள்தான், ஆனாலும் நான் நம்புகிறேன். ஒருநாள் பேட்டனை, அதான் தாளம் காட்டும் குச்சியை, வீட்டில் மறந்துவிட்டு, புது பிரஷ் ஒன்றை வாங்கி ஒத்திகை நடத்திப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் முதல் தட்டிலேயே சேர்ந்து எடுத்தார்கள். பிரஷ் குட்டையாக இருப்பதால் மணிக்கட்டு போதாது, தோளிலிருந்து கையை வீச வேண்டியிருக்கிறது.

வில்லாபுரம்: அமெரிக்காவில் ஏதோ சாதனையாமே?

1903இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இவருடைய ‘டெர் வால்ட்’ அரங்கேறியது. அங்கே இன்னொரு பெண்ணின் ஓபரா வர 2016 ஆயிற்று, பின்லாந்தின் காயா சாரியாஹோ எழுதியது. 113 வருஷம்! இதற்கு மேல் என்ன சொல்ல?

அண்ணா நகர்: நம்ம ஊரில் இப்படி யாரும் இல்லையா?

அம்புஜம் கிருஷ்ணா இருந்தாரே! மதுரையில் வாழ்ந்தவர், நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் எழுதியவர். சுத்த தன்யாசியில் ‘அழகா அழகா’ அவருடையதுதான். பெரும்பாலும் மெட்டுப் போட்டவர்கள் வேறு வித்வான்கள், அதனால் ஸ்மைத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. இன்னொன்று, கீர்த்தனையைப் பாட ஒரு குரலும் தம்புராவும் போதும். ஓபராவுக்கு அரங்கம், பாடகர்கள், ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் வேண்டும். ஸ்மைத் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அரங்கங்களின் கதவைத் தட்டியது அதனால்தான்.

உசிலம்பட்டி: எதில் ஆரம்பித்துக் கேட்கலாம்?

‘தி ரெக்கர்ஸ்’ ஓபராவின் முன்னிசை. கடலோரக் கிராமத்துக் கதை. மதுரை பஸ்ஸில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், செக்கானூரணி வருவதற்குள் முடிந்துவிடும்.