மன்னருக்கு மட்டும் ஆசை தீருமா?

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவரைப் படித்துவருகிறேன். கருணைதான் அறத்துக்கு அடிப்படை என்றவர், ஜெர்மனியில் நடந்த 1848 கிளர்ச்சியில் மக்களைச் சுட்ட ராணுவத்துக்கு உதவினார் என்று அறிந்ததும் மனசு விட்டுப்போனது. வாழ்க்கையே துன்பம் என்னும் அவருடைய அவநம்பிக்கைவாதம் கடைசியில் அதிகாரத்தின் மடியில்தான் போய் உட்காருமா?

ர.

அன்புள்ள ர.,

நடந்தது உண்மைதான். அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1848 செப்டம்பர் 18, ஃபிராங்க்ஃபர்ட். ஆஸ்திரியச் சிப்பாய்கள் அவர் வீட்டுக்குள் வந்து ஜன்னல் வழியாகக் கிளர்ச்சிக்காரர்களைச் சுட்டார்கள். அப்புறம், பக்கத்து வீடு இன்னும் தோது என்று அங்கே போனார்கள். தடுப்பரணை நோட்டம் பார்த்த அதிகாரிக்கு, நாடகம் பார்க்க வைத்திருந்த தன் பைனாகுலரைக் கொடுத்தனுப்பினார் நம் தத்துவஞானி. உயிலிலும், அந்தக் கிளர்ச்சிகளை அடக்கப்போய் ஊனமுற்ற பிரஷ்ய (அன்றைய பெரிய ஜெர்மன் அரசு) வீரர்களுக்கான நிதிக்கே சொத்தை விட்டுச்சென்றார். அந்தச் சொத்து அப்பா வழி வந்தது. அந்த அப்பாவோ, 1793இல் பிரஷ்யா தாம் வாழ்ந்த டான்சிக் நகரை விழுங்கியபோது அதன் கீழ் வாழமாட்டேன் என்று குடும்பத்தோடு ஹாம்பர்க் போன வணிகர்!

இதற்கு அவநம்பிக்கையைக் குற்றம் சொல்லமாட்டேன். அப்பா வைத்துப்போன பணத்தில் வாழ்ந்தவருக்கு வந்த பயம் இது. அவர் காலத்து இன்னொரு ஜெர்மன் தத்துவஞானியான ஹெகல் அரசை அறத்தின் வடிவமாகவே உயர்த்தினார். ஷோப்பன்ஹவருக்கு அது பிதற்றல். மனிதன் கொடிய விலங்கு, அரசு அதற்குப் போட்ட வாய்ப்பூட்டு. கடி நிற்கும், குணம் மாறாது. ஒருவருக்கு ஒருவர் இழைக்கும் அநீதியைத் தடுப்பதோடு அரசின் வேலை முடிந்தது, நம்மை நல்லவர்களாக்க அது மெனக்கெட வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மக்களைத் திருத்தக் கிளம்பும் அரசுகளைக் கண்டால் எனக்கும் வயிற்றைக் கலக்கும்.

சரி, பூட்டுப் போடுகிறவனும் அதே விலங்குதானே? அதற்குப் பரம்பரை மன்னர்தான் வழி என்கிறார் ஷோப்பன்ஹவர். அதிகாரம், செல்வம், பாதுகாப்பு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டால் அவருக்கு விரும்பவோ அஞ்சவோ எதுவும் மிஞ்சாது, சுயநலம் அடங்கிவிடுமாம். சொல்வது யார்? ஓர் ஆசை தீர்ந்தால் அடுத்தது முளைக்கும், அதற்கு ஓய்வே இல்லை என்று 1818லேயே தடித்த புத்தகம் எழுதியவர். துறவிக்கே அபூர்வமாகக் கிட்டும் நிறைவு அரண்மனையில் பிறந்தவருக்கு எங்கிருந்து வரும்? அவருடைய அவநம்பிக்கை மன்னர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது. உள்ளேயும் போயிருந்தால், மன்னருக்கும் ஒரு பூட்டுக் கேட்டிருப்பார்.

1851இல் வந்த கட்டுரைத் தொகுப்பையும் படித்துவிடுங்கள். அமெரிக்க அடிமை முறையை அவர் விளாசும் பக்கங்களைப் பார்த்தால் போன மரியாதையில் பாதியாவது திரும்பிவரும்.