செய்து முடித்த டியூபுலின்மேல் செல் செய்யும் வேலை: கேள்வி பதில்

டியூபுலின் (நுண்குழல்கள் இதனால் ஆனவை), ஆக்டின், லாமின் போன்ற செல் சட்டகப் புரதங்களை ரைபோசோம் செய்து முடித்த பிறகு, செல் அவற்றில் செய்யும் ரசாயன மாற்றங்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: மேடம், வேறு குணம் உள்ள புரதம் வேண்டுமென்றால் வேறு ஜீனைப் பயன்படுத்தலாமே? செய்ததில் ஏன் மறுபடி கை வைக்க வேண்டும்?

வேறு வேறு டியூபுலின் ஜீன்களும் இருக்கின்றன. ஆனால் மனித நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்சான் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அங்கே ஏற்கெனவே நிற்கிற நுண்குழலைப் பிரிக்காமல், அந்த இடத்திலேயே அதன் குணத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு சிறு ரசாயனத் தொகுதியை ஒட்டினால் மாறும், எடுத்தால் பழையபடி ஆகும்.

கேள்வி: டியூபுலினின் நுனியில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் செல் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுகிறதாமே? வீண் வேலை இல்லையா?

இல்லவே இல்லை. இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே இதுதான். டியூபுலினில் ஒரு வகையான ஆல்ஃபா டியூபுலினின் வால் குளூட்டமேட், குளூட்டமேட், டைரோசின் என்று முடியும். அந்தக் கடைசி டைரோசினை வெட்டும் என்சைம், சேர்ந்து குழலாக நிற்கிற டியூபுலினைத்தான் விரும்பித் தொடும். திரும்ப ஒட்டும் என்சைமோ, குழலிலிருந்து கழன்று தனியாக மிதக்கும் டியூபுலினைத்தான் பிடிக்கும். இதன் விளைவைப் பாருங்கள்: புதிதாக வளரும் குழலில் டைரோசின் இருக்கும், வெகுநேரம் நின்ற குழலில் இருக்காது. குழலின் வயது அதன் வாலிலேயே பதிந்துவிடுகிறது. குழல்மேல் நடந்து சரக்கு சுமக்கும் மோட்டார் புரதங்கள் அதைப் படிக்கின்றன. அவற்றில் டைனீன் என்ற வண்டி கிளம்ப டைரோசின் உள்ள வால் உதவுகிறது. கினீசின்-1 என்ற இன்னொன்று டைரோசின் போன குழலை விரும்புகிறது.

1970களில் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் எலி மூளைச் சாற்றை வைத்து இதைக் கண்டார்கள். ஒட்டும் என்சைமின் ஜீன் 1993-இலேயே பிடிபட்டுவிட்டது. வெட்டும் என்சைமான வாசோஹிபின் 2017-இல்தான் கிடைத்தது. ஒட்டும் என்சைம் இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே இறந்துவிடுகின்றன. வீண் வேலையாக இருந்தால் அப்படி ஆகுமா?

கேள்வி: அசிட்டைல் தொகுதி குழலின் உட்பக்கம் ஒட்டுகிறது என்கிறார்களே, என்சைம் எப்படி உள்ளே போகும்?

ஆல்ஃபா டியூபுலினின் 40-ஆவது அமினோ அமிலமான லைசினில் அது ஒட்டுகிறது, அந்த இடம் குழலின் உட்சுவரில் இருக்கிறது. குழலின் வெளி விட்டம் 25 நானோமீட்டர்; உள்ளே இருக்கும் இடம் அதைவிடக் குறைவு. திறந்த முனை வழியாகவோ சுவரில் விழுந்த ஓட்டை வழியாகவோ என்சைம் நுழைகிறது. அசிட்டைல் ஏறிய குழல் திரும்பத் திரும்ப வளைந்தாலும் சீக்கிரம் உடைவதில்லை.

கேள்வி: மாற்றம் அளவுக்கு மீறினால் நோய் வருமா?

வரும். டியூபுலின் வாலில் குளூட்டமேட்டைச் சங்கிலியாக ஒட்டும் என்சைம்கள் ஒரு பக்கம், கத்தரிக்கும் என்சைம்கள் மறுபக்கம். கத்தரிக்கும் என்சைமான சிசிபி1 இல்லாத எலிகளின் சிறுமூளையில் பர்கின்ஜி என்ற நரம்பு செல்கள் அழிந்துபோகும். அதே எலிகளில் ஒட்டும் என்சைம்களில் ஒன்றையும் நீக்கினால் அந்தச் செல்கள் பிழைக்கின்றன. அதாவது செல்லைக் கொன்றது குளூட்டமேட் மிகுதிதான். சிசிபி1-இன் ஜீன் பழுதான குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே நரம்புச் சிதைவு வருவது 2018-இல் தெரிந்தது.

கேள்வி: ஆக்டினில் இதெல்லாம் இல்லையா?

உண்டு. 73-ஆவது அமினோ அமிலமான ஹிஸ்டிடினில் செட்-டி3 என்சைம் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டுகிறது. அந்த என்சைம் இல்லாத பெண் எலிகளுக்குக் கருப்பை சரியாகச் சுருங்காமல் பிரசவம் தாமதமாகிறது.

கேள்வி: செல் பிரியும்போது உட்கருவின் உறை எப்படிக் கலைகிறது?

உறையை உட்பக்கமிருந்து தாங்கும் லாமின் இழைகளில் சிடிகே1 என்ற என்சைம் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, இழைகள் பிரிந்துவிடுகின்றன. பிரிவு முடிந்ததும் பாஸ்பேட் நீங்கி மறுபடி கூடுகின்றன.

கேள்வி: அசிட்டைல் ஏறிய டியூபுலினைக் காட்டும் ஆன்டிபாடி போட்டதில் நன்றாக ஒளிர்ந்தது. "நுண்குழல்கள் உறுதியாகிவிட்டன" என்று எழுதலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். வெகுநேரம் நின்ற குழலில் அசிட்டைல் சேரும் என்பது சரி. ஆனால் டூபாசின் என்ற மருந்தைப் போட்டு அசிட்டைலை நீக்கும் என்சைமை அடைத்தாலும் அதே ஒளிர்வு கிடைக்கும். உறுதியைத்தான் சொல்ல வேண்டுமென்றால், குழல்களைக் கலைக்கும் நொகோடசோல் மருந்தைப் போட்டு 5, 15, 30 நிமிடங்களில் செல்களை அந்த நிலையிலேயே நிறுத்தி (ஃபிக்ஸ் செய்து) எத்தனை குழல் மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் அசிட்டைல் படம், நொகோடசோல் படம் இரண்டையும் சேர்த்தே வெளியிடுங்கள்.