இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும் குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி தேவையா?

முட்டை ஒவ்வாமையும் எக்ஸிமா எனும் தோல் அழற்சியும் உள்ள உங்கள் 7 வயது மகன் அடிக்கடி வாந்தி எடுக்கிறான், இரத்தப் பரிசோதனை முடிவோ சரியாக இருக்கிறது, பிறகு ஏன் மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியாகச் செலுத்திப் பார்ப்பது) செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லள். இதே கேள்வியோடு சிங்கப்பூரில் ஈராண்டு அலைந்த ஒரு தாய். சிறப்பு மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

என் மகள் தொடக்கநிலை ஒன்றில் படித்தபோது ஒரு தோசையைச் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள்; கோழித் துண்டை மென்று மென்று சக்கையாக்கிக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, யாரும் பார்க்காதபோது துப்பிவிடுவாள். அடம் என்றே நாங்கள் நினைத்தோம். முதலில் பார்த்த மருத்துவரும் அப்படித்தான் சொன்னார். உணவு நெஞ்சில் சிக்குவதால்தான் குழந்தை அப்படிச் சமாளித்திருக்கிறாள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அவளுக்கு இருந்தது இயோசினோஃபில் உணவுக்குழாய் அழற்சி. இயோசினோஃபில் என்பது ஒவ்வாமையோடு தொடர்புடைய ஒரு வகை வெள்ளை அணு. இரைப்பையிலும் குடலிலும் அது ஓரளவு இருப்பது இயல்பு. உணவுக்குழாயின் உட்சுவரில் இருப்பது இயல்பன்று. இரத்தத்தில் அதன் அளவு சரியாக இருக்கும்போதே உணவுக்குழாயில் அது குவிந்திருக்கலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையை வைத்து இந்நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் எந்த உணவு இதைத் தூண்டுகிறது என்பதை நம்பும்படியாகக் காட்டுவதில்லை. எண்டோஸ்கோப்பியின்போது உணவுக்குழாயின் திசுவை எடுத்து, நுண்ணோக்கியில் அந்த அணுக்களை எண்ணித்தான் பார்க்க வேண்டும்: பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு புலத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்கள் இருந்து, பிற காரணங்களும் விலக்கப்பட்டால்தான் நோய் உறுதியாகும். அழற்சி திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால், வெவ்வேறு இடங்களிலிருந்து குறைந்தது 6 துணுக்குகளாவது எடுக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். என் மகளுக்கு உட்சுவர் பார்வைக்கு ஏறக்குறைய இயல்பாகவே இருந்ததாம். அந்தத் திசுத் துணுக்குகளைச் சோதித்த பயாப்சியில்தான் நோய் அகப்பட்டது. அன்று மாலையே வீடு திரும்பி, கஞ்சி குடித்துவிட்டு உறங்கினாள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். முட்டையை இப்போதுபோலவே தவிர்த்து வாருங்கள். ஆனால் எண்டோஸ்கோப்பிக்கு முன்பு நீங்களாகப் பாலையும் கோதுமையையும் நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் அழற்சி தணிந்து முடிவு குழம்பிவிடக்கூடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் அந்த அணுக்களைக் குறைக்கக்கூடியவை என்பதால், அவற்றைக் கொடுத்துவந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உணவு சிக்கி எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனால், சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவன் சாப்பிடுவதைக் கைப்பேசியில் ஐந்து நிமிடம் படம்பிடித்துக் காட்டுங்கள்; எங்கள் மருத்துவர் அப்படியொரு காணொளியைப் பார்த்த பிறகுதான், அவள் ஏன் தண்ணீர்ப் புட்டியைக் கையிலிருந்து இறக்கவே இல்லை என்று கேட்டார்.