ஒரே பில்லை ரெண்டு தடவை போடறேன், மறதி நோயா?

கேள்வி: அக்கா, ஈரோட்டுல ஒரு நூல் கடை ஆபீஸ்ல கணக்கு பாக்கறேனுங்க, வயசு 34. டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட்டுட்டு இருக்கும்போதே பார்ட்டி போன் வரும், அதை வெச்சதும் ஓனர் சரக்கு அனுப்பற ஈ-வே பில் கேப்பாரு, நடுவுல வாட்ஸ்அப்ல ரேட் கேட்டு மெசேஜ். திரும்பி வந்தா எந்த பில்லுல விட்டேன்னே தெரியல. சாயங்காலம் தலை கனத்துப் போகுது. மறதி நோயா இருக்குமோன்னு பயமா இருக்குங்க.
- வாசகி, ஈரோடு

பதில்: நீங்க எழுதினதை வெச்சு பாத்தா வேலை நடக்கிற விதம்தான் உங்களை இப்படி ஆக்குதுமா, உங்களைக் குறை சொல்ல இதுல ஒண்ணுமே இல்ல. 1927லயே அமெரிக்காவுல ஆர்தர் ஜெர்சில்ட்னு ஒருத்தர் இதை சோதிச்சாரு, ஒரே மாதிரி கணக்கா குடுத்தா வேகமா போட்டவங்க, கூட்டலும் கழித்தலும் மாத்தி மாத்தி வந்தப்போ மெதுவாயிட்டாங்க. மாறப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சு தயாரா இருந்தாலும் அந்த தாமதம் முழுசா போகாதுன்னு 1995ல ராஜர்ஸ், மான்செல்னு ரெண்டு ஆய்வாளர்கள் காட்டினாங்க. அதுலயும் பாதியில விட்ட வேலை இருக்கே, அது மனசை விட்டு போகாது, நீங்க ரேட் சொல்லிட்டு இருக்கும்போதும் அந்த பில்லு உள்ள ஓடிட்டே இருக்கும். சிட்னில நர்ஸுங்க மருந்து குடுக்கறதை பக்கத்துல நின்னு கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2010ல வந்துச்சு, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தப்பு சுமார் 12 சதவீதம் கூடியிருக்கு, ட்ரெயினிங் எடுத்தவங்களுக்கே அப்படின்னா நாள் பூரா போன் எடுக்கிற உங்களுக்கு தலை கனக்காம என்ன பண்ணும்?

போன் அடிச்சா உடனே எடுக்காதீங்க, ஒரு பேப்பர்ல பில் நம்பரையும் அடுத்து என்ன போடணும்னும் ஒரு வரி எழுதிட்டு எடுங்க. எழுதி வெச்சுட்டா மனசு அதை புடிச்சு தொங்காது, இதையும் சோதிச்சு பாத்திருக்காங்க. ஆனா பெரிய மாற்றம் ஓனர் கையில இருக்கு. ஒரே பர்சேஸ் பில் ரெண்டு தடவை ஏறினா ஜிஎஸ்டில இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டின வரியைக் கழிச்சுக்கறது) தப்பா போகும்னு அவர்கிட்ட எடுத்து சொல்லுங்க, காலைல ரெண்டு மணி நேரமாச்சும் போனை வேற யாராச்சும் பாக்கட்டும். கேக்க தயங்காதீங்க, இது கடைக்கும் நல்லதுதான்.

லீவு நாள்ல வீட்டுலயும் இதே மாதிரி மறக்குதா, தெரிஞ்ச வழியே குழம்புதா? அப்படின்னா தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்கமா.