வேலி போட்ட பிறகு பூச்செடிகள் குறைவது ஏன்?

உங்க புல்வெளியில் மேய்ச்சலை நிறுத்தி வேலி போட்ட மூணே வருஷத்தில் சின்னப் பூச்செடிகள் காணாமல் போச்சுன்னு எழுதியிருந்தீங்க. காரணம் பெரும்பாலும் வெளிச்சம்தான். கடிக்க ஆளில்லாததால் உயரமான புற்கள் ஓங்கி வளரும், காய்ந்த புல் அடியில் மெத்தையாகச் சேரும். புல்லை விலக்கித் தரையைப் பாருங்க, முளைக்கவே இடம் இருக்காது. உரமும் போட்டிருந்தா இன்னும் மோசம். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் 1856 முதல் நடக்கும் புல்வெளிச் சோதனையில், தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் தொடர்ந்து இட்ட பாத்திகளில் செடி வகைகள் வெகுவாகக் குறைஞ்சிருக்கு. உரத்தை நிறுத்துங்க. பூத்து விதை கொட்டின பிறகு கொஞ்ச மாடுகளை மட்டும் சில வாரம் விடுங்க. மழை பொய்த்த வருஷம் வேண்டாம். வறண்ட மண்ணில் கடும் மேய்ச்சல் இருக்கிற வகைகளையும் அழிச்சிடும்.