தோட்டப் பட்டணத்தில் இருக்கும் படிவம் 2 மாணவி தரவு அறிவியலை எங்கே தொடங்கலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வசிக்கும் தாயார் ஒருவர், படிவம் 2 (இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு) படிக்கும் தம் மகள் கோலாலம்பூருக்குப் போய் வகுப்பில் சேராமல் தரவு அறிவியல் கற்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு, தொடக்கம் அவளுடைய பள்ளிப்பையிலேயே இருக்கிறது. படிவம் 1 கணிதத்தில் தரவைக் கையாளுதலும், படிவம் 2-இல் சராசரி, நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), முகடு (அதிக முறை வரும் எண்) ஆகியவையும் பாடமாகவே உள்ளன. பள்ளியில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால், தானே சேகரித்த எண்களில்தான் இந்தக் கலை பிடிபடும் என்பது என் உறுதியான கருத்து. நேர்ச்சுவருள்ள பால்மாவு டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் தேங்கிய நீரின் உயரத்தை அடிக்கோலால் மில்லிமீட்டரில் அளந்து, நீரைக் கொட்டிவிட்டு, அன்று ரப்பர் மரங்களில் பால்வெட்டு நடந்ததா என்பதையும் பக்கத்தில் குறித்துவரட்டும். பத்து நாளில் ஒன்பது நாள் மழையே இல்லாமல் ஒரே நாளில் 90 மில்லிமீட்டர் கொட்டியிருந்தால், சராசரி 9, நடுமதிப்பு 0. இவற்றுள் எது தோட்டத்தின் நிலையை உண்மையாகச் சொல்கிறது என்று அவள் யோசிக்கும் அந்த இடத்தில்தான் தரவு அறிவியல் தொடங்குகிறது.

குறிப்பேடு நிறைந்ததும் அதைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றலாம். தரவை வரைபடமாக்கிப் பார்க்க உதவும் கோடாப் (CODAP) என்னும் இலவசக் கருவி உலாவியிலேயே இயங்கும். பள்ளி மாணவர்களுக்கென்றே உருவானது. மலேசிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் (data.gov.my) வாராந்தரப் பெட்ரோல் விலை முதல் மக்கள்தொகை வரை இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் கணினி இல்லையென்றால், அருகிலுள்ள நாடி (NADI) என்னும் அரசாங்கச் சமூக இணைய மையத்தில் விசாரியுங்கள். பைதான் நிரலாக்கத்துக்கு இப்போது அவசரமில்லை. படிவம் 3-இல் பார்த்துக்கொள்ளலாம்.