மானியம் இருக்கட்டும், அக்கரையில் யார் இருக்கிறார்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உறுமி மேளம் வாசிக்கும் இளைஞர் குழு நாங்கள், மொத்தம் 14 பேர். பழைய தோட்டத் தொழிலாளர்கள் பாடிய பாட்டுகளையும் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். பிரிட்டனுக்குப் போய் நிகழ்ச்சி படைத்து, அங்குள்ள கலைஞர்களோடு பழக ஆசை. இரு நாட்டுப் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்குச் சிறு மானியங்கள் உண்டு என்கிறார்கள். எங்கள் குழு பதிவு பெறாதது. எப்படி விண்ணப்பிப்பது? எவ்வளவு கேட்கலாம்?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தேவைக்குக் கிட்டத்தில் வருவது பிரிட்டிஷ் கவுன்சிலின் 'கனெக்‌ஷன்ஸ் த்ரூ கல்ச்சர்' மானியம். அண்மைய சுற்றுகளில் ஒரு திட்டத்துக்கு 10,000 பவுன் வரை கொடுத்தார்கள். நம் மலேசிய வெள்ளிக் கணக்கில் 50,000-க்குச் சற்று மேல். கேட்கும்போது பெரிய பணம்தான். ஆனால் 14 பேரையும் மேளங்களையும் லண்டனுக்கு ஏற்றினால் விமானச் சீட்டிலேயே கரைந்துவிடும். தங்க இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் யாரிடம் போய் நிற்பீர்கள்?

பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. இந்த மானியத்துக்கு பிரிட்டனில் ஒருவரும் இங்கே ஒருவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான இருநாட்டுச் சிறு மானியங்களின் போக்கும் இதுதான். பயணச் செலவைக் கொடுப்பது அவற்றின் நோக்கமல்ல. இரு பக்கத்தாரும் உட்கார்ந்து சேர்ந்து எதையாவது செய்ய வேண்டும், அதற்குத்தான் காசு. ஆகவே விண்ணப்பப் பாரத்தை இப்போது திறக்காதீர்கள், அக்கரையில் ஓர் ஆளைத் தேடுங்கள்.

லண்டனில் ஈழத் தமிழர் கோயில்கள், சங்கங்கள் நிறைய. அங்கே மேடை கிடைப்பது கடினமில்லை. போய் வாசியுங்கள், நல்லதுதான். ஆனால் மனுவைப் படிக்கும் நடுவர் "இதில் பிரிட்டனின் பங்கு என்ன?" என்று கேட்பார். அதற்குப் பதில் உங்கள் ஊரிலேயே கிடக்கிறது. 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சி ஆலோசகர் ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அந்தப் பழைய மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, உங்களுக்குப் பக்கத்து ஊர். பிரிட்டிஷ் முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அமைச்சர் துன் சம்பந்தனும் உங்கள் ஊர்க்காரர். விடியலில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்திலும் பால்மரக் காட்டிலும் பிறந்த பாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் உறுமியை மட்டும் முன்னால் நிறுத்துகிறீர்கள் என்பது என் எண்ணம். பதிவுகளே உங்கள் மூலதனம்.

அப்படிப் பார்த்தால் கூட்டாளி யார் என்பதும் தெளிவாகும். நாட்டுப்பாடல் தொகுப்பில் ஆங்கிலேயருக்கு நீண்ட மரபு உண்டு. லண்டனில் செசில் ஷார்ப் இல்லம் என்ற கட்டடத்தில் அதற்கென்றே ஒரு சங்கமும் நூலகமும் இயங்குகின்றன. அந்த வட்டத்தில் பாடுகிறவர், தாளக் கலைஞர், பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு செய்பவர் என்று யாராவது ஒருவர் போதும். பெரிய பெயர் தேவையில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிற ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள் என்பது அடுத்த யோசனை. 14 பேர் போவதற்குப் பதில், அங்கிருந்து இருவர் சுங்கை சிப்புட்டுக்கு வந்து இரண்டு வாரம் தங்கட்டும். பாட்டிகளோடு உட்காரட்டும், உங்களோடு வாசிக்கட்டும். பிறகு உங்களில் இருவர் அங்கே போகலாம். செலவு மட்டும் காரணமில்லை. பாட்டுத் தெரிந்த முதியவர்களில் சிலர் இன்னும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பார்கள். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. பாட்டுக்குச் சொந்தக்காரரை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் கொண்டுபோவது எனக்கு ஒப்பவில்லை. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் குறுகிய காலம் பிரிட்டன் போக விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல் 'இடிஏ' என்ற மின்னணு அனுமதியை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

வருகிறவர்கள் பொது மேடை ஏறினால் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டுக் கலைஞர் இங்கே நிகழ்ச்சி படைக்க 'புஸ்பல்' என்ற அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். கோயில் திருவிழாதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். பட்டறையா, மேடை நிகழ்ச்சியா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, மேடை என்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே விசாரியுங்கள்.

பதிவு விஷயத்தில் இரண்டு வழி. 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் 7 பேர் சேர்ந்து சங்கங்களின் பதிவிலாகாவில் பதியலாம், நாளாகும். இல்லையென்றால், ஏற்கெனவே பதிவு பெற்ற தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ கோயில் நிர்வாகமோ உங்களுக்கு நிழல் தரலாம். முதல் முயற்சிக்கு இரண்டாவதே நல்லது. ஆனால் பணம் யார் கணக்கில் வரும், யார் கையெழுத்திட்டு எடுப்பார்கள், கணக்கை யார் ஒப்படைப்பார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். தலைவர் மாமாவாகவே இருந்தாலும் எழுதிவிடுங்கள். மாமா என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

வரவுசெலவில் முதியவர்களுக்குச் சன்மானம் போடுங்கள். பாட்டைப் பதிவு செய்யவும் பகிரவும் அவர்களிடம் தமிழில் எழுதிய சம்மதம் வாங்குங்கள், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி அதையும் பதிவு செய்யுங்கள். இன்னொன்று, சிறு மானியங்கள் பலவற்றில் ஒரு பகுதிப் பணம் அறிக்கை கொடுத்த பின்தான் வரும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கைப்பணம் வேண்டும், எல்லா ரசீதும் வேண்டும்.

மற்ற வாசல்களையும் கேட்பீர்கள். ஆஸ்திரேலியத் தூதரகத்தின் நேரடி உதவித் திட்டம் சமூக மேம்பாட்டுக்கானது, விமானச் சீட்டுக்கு அல்ல. 1963 முதல் இயங்கும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தின் ஃபுல்பிரைட் உதவி தனியாளுக்குரியது. இந்திய வம்சாவளி இளைஞர்களுக்கான இந்திய அரசின் 'நோ இந்தியா' (இந்தியாவை அறிவோம்) திட்டமும் அப்படியே. அதில் பயணம் முடிந்த பிறகே விமானக் கட்டணத்தின் 90 விழுக்காட்டைத் திருப்பிக் கொடுத்து வந்தார்கள். விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டியை மட்டும் நம்புங்கள்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை இருக்கிறது. இருக்கும் பதிவுகளில் மிகத் தெளிவான ஒன்றை இரண்டு நிமிடத்துக்கு வெட்டுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பாட்டின் பொருள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள். பாடியவரிடம் கேட்டுவிட்டு, அக்கரையில் ஐந்தாறு பேருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். மானியம் என்ற பேச்சை முதல் கடிதத்தில் எடுக்க வேண்டாம்.